காணாமல் போன பாதிகள்

டாக்டர் இரண்டு மாத்திரை எழுதியிருந்தார். காலையில் மனச்சோர்வுக்கு ஒன்று, இரவில் தூக்கத்துக்குப் பாதி. தூக்க மாத்திரையின் நடுவில் கோடு இருக்கும், நகத்தாலேயே உடைக்கலாம். மீதிப் பாதியை அட்டைக்குள் திரும்ப வைத்து மடித்துவிடுவேன். அது மறுநாளுக்கு.

மூன்றாவது வாரத்தில் அந்த மீதிப் பாதிகள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதல் சந்தேகம் என் மேல்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. வந்த சரக்கையே இரண்டு முறை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் திட்டு வாங்குவேன். ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் வேலப்பன்சாவடியில் இறங்க வேண்டியவன் பூந்தமல்லி வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றேன். இப்படிப்பட்டவன் இன்னொரு பாதியையும் தெரியாமல் போட்டிருக்க மாட்டான் என்று எப்படிச் சொல்வது?

அதனால் மாத்திரை போட்டதும் தினசரிக் காலண்டரில் டிக் போட்டேன். ஆனால் அம்மாவுக்கு விடிந்ததும் முதல் வேலை தேதி கிழிப்பது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் நேற்றைய தாள் சுவரில் தொங்கக் கூடாது. கிழித்த தாளைச் சுருட்டிக் கொசுவத்தி கொளுத்துவாள். என் டிக்கும் அதோடு போய்விடும்.

அவளையே கேட்டிருக்கலாம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எந்த மாத்திரை அட்டை வந்தாலும் எதற்கு என்று படித்துச் சொல்வது நான். இந்த அட்டையை மட்டும் ‘சத்து மாத்திரை’ என்று சொல்லி வைத்திருந்தேன். காலேஜ் வரை படிக்கவைத்த பிள்ளைக்கு மனசில் நோய் என்றால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

தெரியாமல் இரண்டு தடவை போடுகிறேன் போல என்று டாக்டரிடம் சொன்னேன். மாத்திரையை வீட்டில் வேறு யார் கையிலாவது கொடுத்து வைக்கச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். கொடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் எழுந்தபோது காலண்டரில் ஞாயிறு அப்படியே இருந்தது, என் டிக்கோடு. அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்க ஐந்தரைக்கே கிளம்புகிற அம்மா படுத்துக் கிடந்தாள். மணி எட்டு. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறக்க வெகுநேரம் ஆனது.

“இன்னா நைனா, விடிஞ்சிச்சா?” நாக்கு குழறியது.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். சத்து மாத்திரைதான் என்றாள். தினமும் நான் மிச்சம் வைக்கிற பாதியை எடுத்துப் போட்டுக்கொள்வாளாம். முந்தின நாள் கால்வலி அதிகம் என்று முழுசாக ஒன்று. சின்ன வயசிலிருந்து என் தட்டில் மிஞ்சுவதைச் சாப்பிடுகிறவள். இதையும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். வழியில் சொன்னேன்.

“அது சத்து மாத்திரை இல்லம்மா. தூக்கத்துக்கு. எனக்கு மனசு சரியில்லன்னு குடுத்தது.”

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அதான் பாத்தேன். எத்தினியோ வருசம் களிச்சி இப்பத்தான் அசந்து தூங்கிக்கினு கீறேன். சத்து ஏறுதுன்னு நெனச்சேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ சோறு மிச்சம் வச்சா எனக்குத் தெரியும். தூக்கம் வர்லன்னா நீதான சொல்லணும்?”

பயப்பட ஒன்றுமில்லை, இனி தொடக் கூடாது என்றார் டாக்டர். இப்போது அட்டை அவளிடம். நான் டிக் போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் தேதி கிழிக்கிறாள்.

என் கை தப்பு செய்யவில்லை என்று நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் பாதிதான் போட்டேன் என்றால், அன்று பூந்தமல்லி வரை போனது எதனால்? நோயாலும் இருக்கலாம், மாத்திரையாலும் இருக்கலாம், பார்ப்போம் என்கிறார் டாக்டர். உனக்கும் தூக்கமில்லையே, டாக்டரிடம் ஒரு சீட்டு போட்டுக் காட்டுவோம் என்றால் அம்மா வர மறுக்கிறாள்.

ராத்திரி அவள் பாதியை என் கையில் வைக்கும்போது, மீதியை எங்கே வைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே விழுங்குகிறேன்.