நீதி அமைச்சர் வாசலில் நின்ற பதினெட்டு நிமிடம்

வட சுவீடனில் எங்கள் சின்ன ஊரான லீட்செலேயில் சோல்வேய் தான்பெரியைப் பிடிக்காதவர்கள் நிறைய பேர் உண்டு. அவள் பொய் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி. பதினாறு வருடமாக நகர சபை உறுப்பினரும்கூட. நானும் அதே சபையில் உறுப்பினர்; எங்கள் கட்சியின் உள்ளூர்க் கிளைக்கு நான்தான் செயலாளர். அதாவது கூட்டத்துக்குக் காபி போடுகிறவன்.

ஓர் அக்டோபர் வியாழக்கிழமை, ஏழு பேர் கூடிய கூட்டத்துக்கு நடுவே அவள் போன் அடித்தது. ஸ்டாக்ஹோமில் நீதி அமைச்சர் திடீரென்று விலகிவிட்டார். வடக்கத்தி ஆள் வேண்டும், பெண்ணாக இருக்கவேண்டும், சட்டம் தெரிந்திருக்கவேண்டும் என்று பிரதமர் அலுவலகத்தில் தேடியிருக்கிறார்கள். எங்கள் கட்சியில் அப்படி ஒரே ஒருத்திதான் இருந்தாள். சோல்வேய்க்கு இடது காது மந்தம். போனை மேஜையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"உன்னைப் பத்தி வெளியே தெரிஞ்சா சங்கடமாகற விஷயம் ஏதாவது இருக்கா?" என்று ஓர் இளைஞன் குரல் கேட்டது. எங்கள் நாட்டில் யாரையும் 'நீ' என்றுதான் பேசுவோம்.

சோல்வேய் கண்ணை மூடி யோசித்தாள். "இருக்கு. பதினோரு வயசுல சர்ச் தோட்டத்துல ரெண்டு துலிப் பூ பறிச்சேன்."

"அப்புறம்?"

"எழுபத்தொம்பதுல விளக்கு இல்லாத சைக்கிள்ல ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன்."

"வேற?"

"போன தேர்தல்ல எதிர்க்கட்சிக்காரன் நல்லாப் பேசினான். கை தட்டிட்டேன்."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத" என்றான்.

திங்கட்கிழமை அவள் அமைச்சர். வாரத்தில் ஐந்து நாள் தலைநகரில். வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் ஊருக்கு. சனிக்கிழமை கடையில் பால் பாக்கெட்டை எடுக்கக்கூட எங்கள் ஊர்க்காரர்கள் அவளை விடவில்லை. ஒருவனுக்கு வேகமாக வண்டி ஓட்டிய அபராதம். இன்னொருத்திக்கு வேலித் தகராறு. எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

"தொடமாட்டேன். எந்தக் கேஸ்லயும் மந்திரி மூக்கை நுழைக்கக் கூடாது. சட்டம் அப்படி."

"அப்ப நீ எதுக்குத்தான் மந்திரி?" என்று வேலிக்காரி கேட்டாள்.

"எதையும் தொடாம இருக்கத்தான்."

அன்றிலிருந்து ஊரில் அவளுக்குத் 'தொடாத மந்திரி' என்று பெயர்.

அவள் தொட்ட ஒரே விஷயம் துப்பாக்கி. வேட்டைத் துப்பாக்கியை வைக்கும் இரும்பு அலமாரியைப் போலீஸ் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து சோதிக்கலாம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தாள். லீட்செலேயில் இது சாதாரண விஷயமா? மூஸ் மான் வேட்டை தொடங்கினால் பள்ளிக்கூடத்தில் பாதி வாத்தியார்கள் இருக்கமாட்டார்கள். எங்கள் வேட்டைக் குழுவின் தலைவன் வேறு யாருமில்லை, சோல்வேயின் கணவன் தூரே. சட்டம் நிறைவேறியதும் அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சோல்வேய் அதை மூன்றாம் நாள்தான் கவனித்தாள். தூரே சாதாரணமாகவே அவ்வளவுதான் பேசுவான்.

அடுத்த வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுச் சமையலறையில் நானும் அவர்கள் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். கதவு தட்டும் சத்தம். திறந்தால் போலீஸ்காரன் இங்வார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அலமாரி சோதனை. சீட்டுக் குலுக்கினதுல உங்க வீடு வந்துடுச்சு, சோல்வேய். நான் வேணும்னு வரல."

"வந்தா என்ன? உள்ள வா. காபி எடுத்துக்கோ."

அவள் முகத்தில் ஒரு பெருமை. தூரேயின் முகம்தான் பால் மாதிரி வெளுத்தது. அலமாரிச் சாவி அவனிடம் மட்டும்தான் இருந்தது. சட்டைப் பையைத் தேடினான், கால்சட்டைப் பையைத் தேடினான், மறுபடி சட்டைப் பையைத் தேடினான்.

"கழுத்துலதானே தொங்குது" என்றாள் சோல்வேய்.

அலமாரி திறந்தது. உள்ளே துப்பாக்கி இல்லை. பதினான்கு பாட்டில் ஜாம். சதுப்பு நிலத்தில் கொசுக்கடியில் குனிந்து குனிந்து பொறுக்கும் மஞ்சள் பழ ஜாம். பழம் கிடைக்கும் இடத்தைத் தூரே மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"துப்பாக்கி எங்க?" என்றான் இங்வார்.

"நீராவி அறையில. விறகுக்குப் பின்னால. கம்பளி சுத்தித்தான் வெச்சிருக்கேன்."

"ஜாமைப் பூட்டி வெச்சுட்டுத் துப்பாக்கியை வெளியில போட்டியா?"

"துப்பாக்கியை அவ திங்கமாட்டா" என்றான் தூரே. அந்த வாரத்தில் அவன் அதிகம் பேசியது அன்றைக்குத்தான். "போன வருஷம் ஒரே மாசத்துல எட்டு பாட்டில். கரண்டியால."

இங்வார் குறிப்பேட்டைத் திறந்தான், மூடினான், பாவமாகப் பார்த்தான். "இப்ப நான் என்ன எழுதறது, சோல்வேய்?"

"என்னைக் கேக்காத!" சோல்வேய் கையிலிருந்த ஜாம் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலி சாயும்படி எழுந்தாள். "எழுதுன்னாலும் தப்பு, எழுதாதன்னாலும் தப்பு. நான் இங்க இருக்கறதே தப்பு."

மேல் கோட்டைக்கூட எடுக்காமல் வாசலுக்குப் போய்விட்டாள். வெளியே மழையில் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. காலில் வெறும் கம்பளி உறை. நான் ஜன்னலைத் திறந்து குடை நீட்டினேன்.

"மூடு ஜன்னலை! உள்ள பேசறது காதுல விழுது!"

பதினெட்டு நிமிடம் நாட்டின் நீதி அமைச்சர் குப்பைத் தொட்டி பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள். இங்வார் நேர்மையானவன்; நடந்ததையெல்லாம் எழுதினான். 'அமைச்சர் 10.40க்கு வீட்டை விட்டு வெளியேறினார்' என்பதையும் எழுதினான்.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பத்திரிகைகளில் 'அமைச்சர் தப்பி ஓட்டம்' என்று வந்தது. தூரேயின் உரிமத்தை ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள். வேட்டைக் குழு கூடி, அதுவரை அவன் எல்லாருக்கும் பட்டாணி சூப் வைக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. சூப் சுமாராகத்தான் இருந்தது. ஆனால் குறை சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

வசந்த காலத்தில் நாடாளுமன்றத்தின் அரசியலமைப்புக் குழு சோல்வேயை விசாரணைக்குக் கூப்பிட்டது. லீட்செலே முழுக்க டிவி முன்னால். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"போலீஸ் சோதனை நடக்கறப்ப நீ ஏன் வெளியே போன?"

"உள்ள இருந்திருந்தா தலையிட்டிருப்பேன்."

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. "போலீஸ் வேலையிலயா?"

"இல்ல. என் புருஷன் தலையில. என் கையில ஜாம் பாட்டில் இருந்துச்சு."

தலைவர் மணியை அடித்து அடித்துப் பார்த்தார், சிரிப்பு அடங்கவில்லை. குழு ஒருமனதாக அவள்மேல் குற்றமில்லை என்றது. மறுவாரம் கருத்துக்கணிப்பில் மக்கள் அதிகம் நம்பும் அமைச்சர் அவள்தான். பிரதமர் அவளைக் கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேற்றினார். அவளும் போன இடமெல்லாம் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னாள். அரசாங்கத்தின் வரித் திட்டம் புரிகிறதா என்று மால்மோவில் ஒருவர் கேட்டதற்கு, "ரெண்டு தடவை படிச்சேன், புரியல" என்றாள்.

செப்டம்பர் தேர்தலில் கட்சி தோற்றது. அவளால்தான் என்று பாதிப்பேரும், அவள் இல்லையென்றால் இன்னும் மோசமாகத் தோற்றிருக்கும் என்று மீதிப்பேரும் இன்றுவரை சண்டை போடுகிறோம்.

எப்படியிருக்கிறது என்று கேட்கலாமென்று, அவள் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்குப் போயிருந்தேன்.

"வருத்தமா?"

"வருத்தம்தான். வேலை பிடிச்சிருந்துச்சு" என்றாள். காரில் பாதி வழி வரை மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். பிறகு நகர சபையின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நகர சபையில் சைக்கிள் பாதையில் பனி வாருவது பற்றி விவாதம். சோல்வேய் எழுந்து, எந்தப் பாதையை முதலில் வாரவேண்டும் என்று இருபத்தைந்து நிமிடம் பேசினாள். எல்லாரும் குறுக்கிடாமல் கேட்டோம். முன்னாள் அமைச்சர் அல்லவா? முடித்ததும் கை தட்டினோம். அப்புறம் வாக்கெடுப்பில் முப்பத்தொருவரில் இருபத்தொன்பது பேர் அவளுக்கு எதிராகக் கை தூக்கினோம்.

"மடையங்களா!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இரண்டு வருடமாகப் பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது. நான் காபி போடப் போனேன்.