ஊட்டா ஆச்சா?

என் தங்கை கேரலுக்கு வாய் நீளம். நீலசந்திராவில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம், எதிர்வீட்டு மௌரீன் ஆன்ட்டியிடம் இங்கிலீஷ், வீட்டில் தமிழ். அவசரம் என்றால் மூன்றும் ஒரே மூச்சில் வரும். யாரைப் பார்த்தாலும் "ஊட்டா ஆச்சா?" என்றுதான் விசாரிப்பாள். முதல் பாதி கன்னடம், பின்பாதி தமிழ். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒண்ணு ஊட்டா ஆய்த்தான்னு கேளு, இல்ல சாப்பிட்டாச்சான்னு கேளு. ரெண்டுங்கெட்டானா இன்னாடி இது?"

"புரிஞ்சுதில்ல? அப்புறம் இன்னாக்கா?"

ஓர் ஐ.டி. கம்பெனியில் பல வருஷமாக அவளுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. போன வருஷம் அந்த வேலைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வேலையில் நீடிக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து அதில் தேற வேண்டும் என்றார் மேனேஜர் ராகேஷ். கிளவுட், டேட்டா, செக்யூரிட்டி, வாய்ஸ். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். "டேட்டா எடுடி, அதுக்குத்தான் எப்பவும் ஆள் வேணுமாம்," என்றேன். டேட்டாவைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டதுதான். "எனக்குப் பேச மட்டுந்தான்க்கா வரும்," என்று அவள் வாய்ஸை எடுத்தாள்.

வாய்ஸ் என்றால், போனில் மனுஷரைப் போலவே பேசுகிற மெஷினைப் பழக்குவது. ஓர் ஆஸ்பத்திரிக்காகச் செய்தார்கள். சுகர் பேஷன்ட்டுகளை மத்தியானம் கூப்பிட்டு, சாப்பிட்டார்களா, மாத்திரை போட்டார்களா என்று அது விசாரிக்கும். முதலில் கேரலைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து நாள் கணக்கில் பேசச் சொன்னார்கள். அவளுடைய கலப்படத் தமிழ்தான் வேண்டுமாம், இந்த ஊர் ஜனங்களுக்கு அதுதான் ஒட்டுமாம். அதன் பிறகு அவள் பேச வேண்டிய அவசியமே இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தன் குரல் யார் யாரிடமோ பேசுவதைக் கேட்டு, சரி, தப்பு என்று குறிப்பதே வேலை. நாள் முழுக்கத் தன்னையே கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு என்ன பேச்சு வரும்? சாப்பிடுவாள், தட்டைக் கழுவுவாள், படுத்துவிடுவாள். மம்மி போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். எனக்கு அந்த மௌனம் பிடிக்கவே இல்லை.

டாடி மட்டும் குஷியாக இருந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் என்றால் பயம். ஒரு நாள் சாப்பிடும்போது கேரலிடம் சொன்னார்:

"மத்தியானம் நீ சொன்ன மாதிரியே ரெண்டு சப்பாத்தியோட நிறுத்திட்டேம்மா."

"நான் எப்ப சொன்னேன் டாடி?"

"தினம் போன் பண்றியே. எவ்ளோ பொறுமையா பேசுற. ஊட்டா ஆச்சான்னு தானே ஆரம்பிப்ப."

கேரலின் கை தட்டிலேயே நின்றது. மெஷினைச் சோதித்துப் பார்க்க அவள் ஆபீசில் எல்லோரும் வீட்டு நம்பரைத்தான் போட்டு வைப்பார்கள், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இவள் மறந்துவிட்டாள். அசல் பேஷன்ட்டுகளோடு டாடிக்கும் தினம் போன் வந்துகொண்டிருந்தது. டாடி "கேரலா?" என்று கேட்டிருக்கிறார். அது "ஆமா" என்றிருக்கிறது.

"பெரியவங்க சொன்னா மறுத்துப் பேசாதன்னு நான்தான்க்கா அதப் பழக்கினேன்," என்றாள் என்னிடம், அடுக்களையில்.

மறுநாளே நம்பரை எடுத்துவிட்டாள். அன்று மத்தியானம் டாடி சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்குப் பரீட்சை லீவு, பக்கத்திலேயே இருந்தேன். சோறு ஆறிக்கொண்டிருக்க, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டினேன், கெஞ்சினேன். "கேரல் கேக்கட்டும் ஆஞ்சலா, சாப்புடுறேன்," என்றார் என்னிடம். பொறுக்க மாட்டாமல் நானே ஆபீசுக்குப் போன் போட்டு, அவளையே அவரிடம் பேசச் சொன்னேன். உடனே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"டாடி, ஊட்டா ஆச்சா?"

பேசாமலே இருந்து கட்டிப்போன குரல். டாடி போனைத் தள்ளிப் பிடித்தார்.

"யாரும்மா நீ?"

"கேரல், டாடி."

"தெரியும்மா உங்க வேலை. டிவில தினம் காட்டுறான். மெஷின வச்சு எம்பொண்ணு மாதிரியே பேசுவீங்க, அப்புறம் ஓடிபி கேப்பீங்க. வை போன. எம்பொண்ணு கூப்புடுற டைமு."

வைத்துவிட்டார். வேறு வீட்டில் நடந்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

சாயங்காலம் அவளைப் பிடித்துக் கத்தினேன். பிரிவை மாற்றிக்கொள்ள மாதக் கடைசிவரை டைம் இருந்தது, ராகேஷே சொல்லியிருந்தார். "டேட்டாவுக்குப் போயிடுடி. அந்தச் சனியன் நமக்கு வேணாம்."

கேரல் டாடியின் அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போயிட்டா வேற யாராச்சும் உக்காந்து அதத் திருத்துவாங்க. உன்ன மாதிரி ஒருத்தர் வந்து, ஊட்டா ஆச்சா தப்புன்னு எடுத்துடுவாங்க. அப்புறம் டாடிய யாருக்கா சாப்புட வைப்பா?"

நம்பரைத் திரும்பவும் போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை அவளுக்கு லீவு. டாடிக்குப் பரிமாறிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்ததும் டாடி முகமெல்லாம் சிரிப்பு. போனுக்குள்ளிருந்து கேரல் கலகலவென்று விசாரித்தாள், பழைய கேரல், வாய் நீளக் கேரல். நாற்காலியில் இருந்தவளின் உதடுகள் அந்த வார்த்தைகளோடு சத்தமில்லாமல் அசைந்தன.

டாடி சோற்றைப் பிசைந்தபடி, எதிரில் மங்கலாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

"ஆஞ்சலா, டிவி சத்தத்த சொல்ப கொறைம்மா. கேரல் பேசுறா."

கேரல் எழுந்து போய்க் குறைத்தாள்.