மணி அடிக்காத சனிக்கிழமைகள்

1. ஜாக்கெட்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் மனேஜர் மோரீன் எனக்குச் சொன்ன புத்தி இதுதான்: "வருகிற பிள்ளை ஜாக்கெட்டைக் கழற்றுகிறதா என்று பார். கழற்றாவிட்டால் அது ரெபரன்ஸுக்கு வந்த பிள்ளை."

லண்டனில் செவன் கிங்ஸ் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். அங்கே வொலன்டியர்களைச் சேர்த்து, வேலை காட்டி, மேற்பார்வை செய்வது என் பொறுப்பு. போன வருடம் ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். வருகிறவர்களில் பாதிப்பேர் மெடிசினுக்கு விண்ணப்பிக்கப்போகும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். நல்ல மார்க்ஸ் இருந்தால் மட்டும் காணாது, நோயாளியோடும் முதியவரோடும் பழகிய அனுபவமும் வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் கேட்கும்; அதற்குச் சாட்சி எங்கள் ரெபரன்ஸ் கடிதம். அதனால் ஈஸ்டர் முடிந்தால் போதும், எங்கள் தமிழ்த் தாய் தகப்பன்மார் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

எனக்கு இயல்பிலேயே சந்தேகப் புத்தி. என் மனிசன் கடையில் பால் வாங்கி வந்தாலும் திகதியை நான் ஒரு தரம் பார்ப்பேன். இந்த வேலையில் அதற்குச் சம்பளமும் கிடைத்தது.

2. குறையாக இருந்த ஒன்று

சுகந்தி தன் மகள் ஆரணியோடு வந்து உட்கார்ந்ததும் பேசத் தொடங்கினார்.

"வயலின் கிரேட் எட்டு முடிச்சிட்டாள், அக்கா. அரங்கேற்றம் முடிஞ்சுது. கராத்தே போறாள், டிபேட்டிங் செய்யிறாள். சனி காலமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறாள். இனி கெயர் ஹோம் ஒண்டுதான் குறை."

"பிள்ளைக்கு விருப்பமோ?"

"ஓம், நல்ல விருப்பம்," என்றார் சுகந்தி. ஆரணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். எந்த வகைப் பிள்ளை என்று பிடிபடாமல், அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

சோதித்துப் பார்ப்போம் என்று அவளை மாடி அறையில் இருந்த டோரிஸிடம் அனுப்பினேன். டோரிஸ் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறி ஓய்வு பெற்றவர். கட்டிலோடு இருந்த அழைப்பு மணியை ஓயாமல் அடிப்பார். தலையணை சரியில்லை, திரை சரியில்லை, தேநீர் ஆறிவிட்டது. ஓடிப் போனால் ஒன்றுமிருக்காது. அவரிடம் இரண்டு தரம் போய் மூன்றாம் தரம் வராமல் விட்ட பிள்ளைகள் பலர்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் டோரிஸின் மணி அடிக்கவில்லை. மணி பழுதோ என்று ஆளை விட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. அடுத்த சனியும் அடிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் மணி அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் பயம். மாடிக்குப் போனேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. வொலன்டியர் உள்ளே இருக்கும்போது கதவு திறந்திருக்கவேண்டும் என்பது எங்கள் சட்டம். பெட்டை மணியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு போனில் விளையாடுகிறாள் என்றே முடிவு கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் திறந்தேன்.

ஆரணி கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி நித்திரை. அவள்மேல் டோரிஸின் போர்வை. டோரிஸ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மணியைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதே. இப்போதுதான் கண்ணயர்ந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போ."

டோரிஸின் தலை வாரியிருந்தது, நகத்துக்குப் பூச்சும் பூசியிருந்தது. வேலையை முடித்துவிட்டுத்தான் நித்திரை கொண்டிருக்கிறாள். சட்டப்படி அவளை அன்றே நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தினால் ரெபரன்ஸ் இல்லை, விண்ணப்பத்தில் பெரிய ஓட்டை விழும். நிறுத்தாவிட்டால், நித்திரை கொண்ட பிள்ளையைப் பற்றி நான் என்ன எழுதுவது? ஒன்றும் தீர்மானிக்காமல் கீழே வந்தேன். கதவை மட்டும் பாதி திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

3. தாய் செய்ய வந்த ஷிப்ட்

சில கிழமைகளுக்குப் பிறகு சுகந்தி தனியே வந்தார், கையில் தோடம்பழப் பையோடு.

"பிள்ளைக்கு மொக் எக்ஸாம், அக்கா. அவளின்ரை ஷிப்டை இண்டைக்கு நான் செய்யிறன். நேரத்தை மட்டும் அவளின்ரை பேரில போட்டு விடுங்கோ."

சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. "தங்கச்சி, அப்பிடிச் செய்ய ஏலாது."

"ஆர் செய்தால் என்ன? கிழவிக்கு வேலை நடந்தால் சரிதானே?"

வொலன்டியராக விட முடியாது, டோரிஸுக்குச் சம்மதமென்றால் விசிட்டராக வரலாம் என்று மேலே கூட்டிப்போனேன். நான் சொல்லாததை டோரிஸ் சொல்லட்டும் என்று எனக்கும் ஒரு கள்ள எண்ணம் இருந்தது. சுகந்தி அதே கதிரையில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்தார். டோரிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் தாயா? உன் பிள்ளை இங்கே வந்துதான் தூங்குகிறாள். வீட்டில் அவளுக்குக் கட்டில் இல்லையா?"

சுகந்திக்கு முகம் கறுத்துவிட்டது. வெளியே வந்ததும் என்மேல் பாய்ந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சும் எனக்குச் சொல்லேல்லை! என்ரை பிள்ளையைப் பழுதாக்கிப் போட்டியள். நான் அவளை வேற ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"கூட்டிக்கொண்டு போங்கோ. அங்கையும் ஒரு கதிரை இருக்கும்," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கும் கோபம் வந்துவிட்டது.

அடுத்த சனி ஆரணி வரவில்லை. டோரிஸின் மணி பின்னேரம்வரை ஓயவில்லை. போய்க் கேட்டால் ஒரே கேள்வி: "பிள்ளை வந்துவிட்டாளா?" எனக்கு மனம் கேட்கவில்லை.

அதற்கடுத்த சனி காரில் இருவரும் வந்தார்கள். ஆரணி மாடிக்கு ஓடினாள். சுகந்தி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கராத்தேயை நிப்பாட்டிப் போட்டம். டிபேட்டிங்கையும். எதை வச்சிருக்கப் போறாய் எண்டு கேட்டன், இதைத்தான் சொன்னாள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெபரன்ஸில நித்திரையை எழுதாதேங்கோ, அக்கா."

நான் கண்டதைத்தான் எழுதினேன். ஓயாமல் மணி அடிக்கும் ஒருவர் இந்தப் பிள்ளை இருக்கும் நேரத்தில் அடிப்பதில்லை என்று எழுதினேன். மெடிசின் இன்டர்வியூவில் அதற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள். "உண்மையைச் சொல்லிட்டன், அன்ட்டி. அவவுக்குப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் நான்தான் எண்டு," என்றாள் ஆரணி. அவளுக்கு இடம் கிடைத்தது.

4. அடுத்த வருடம்

சுகந்தி சும்மா இருப்பாரா? லண்டனின் கிழக்கில் பார்க்கிங் ஊரிலிருந்து மேற்கில் ரெய்னர்ஸ் லேன் வரை வட்ஸ்அப்பில் கதை போய்விட்டது. அடுத்த ஈஸ்டருக்கு வந்த ஒரு தகப்பன் நேரடியாகவே கேட்டார்: "அந்த நித்திரை கொள்ளுற அறை எது, அக்கா?"

ஒருவர் பிள்ளைக்குச் சரிவந்தது இன்னொருவர் பிள்ளைக்குச் சரிவராது என்று எத்தனை பேருக்குச் சொன்னேனோ தெரியாது. பிள்ளைக்கு எதைச் சேர்க்கலாம் என்று கேட்கிறவர்களிடம், எதை நிறுத்தலாம் என்று முதலில் பிள்ளையையே கேளுங்கள் என்பேன். தலையாட்டிவிட்டு, வயலினை வைத்துக்கொண்டே இதையும் சேர்ப்பார்கள்.

அந்த வருடம் டோரிஸிடம் மூன்று பிள்ளைகளை அனுப்பினேன். முதலாவது பிள்ளை கதிரையில் கண்ணை மூடியதும் மணி அடித்தது. "இது நடிக்கிறது. கொண்டு போ," என்றார் டோரிஸ். இரண்டாவதுக்கும் அதே மணி, அதே பேச்சு.

மூன்றாவது, அறை எது என்று கேட்ட அந்தத் தகப்பனின் மகன். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு அவன்மேல் துளி நம்பிக்கையும் இருக்கவில்லை. மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கீழே இருந்தேன். அடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

நடிக்க வந்த பிள்ளை உண்மையாகவே நித்திரையாகிப் போனான். ஜாக்கெட்டுக்கு மேலே டோரிஸின் போர்வை. டோரிஸ் விரலை உதட்டில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

திறந்திருக்கவேண்டிய கதவு. சாத்திவிட்டு வந்தேன்.