கம்யூனிகேஷனுக்கு இருபது மார்க்

மூன்று வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, ஒரகடம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரும் தேர்வாளராக உட்கார வேண்டும் என்று விதி. முப்பது வருஷம் க்வாலிட்டி டிபார்ட்மென்ட்டில் குப்பை கொட்டியவன் என்பதால் என்னைக் கூப்பிடுவார்கள். காபி நன்றாக இருக்கும்... போவேன்.

இந்த முறை தலைவலியோடு திரும்பினேன்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கான மாலை நேர பி.இ. அது. மூன்றாவதாக வந்தவர் சுமதி. வயது முப்பத்து நான்கு. வல்லம் வடகால்காரர். டிப்ளமோ முடித்துவிட்டு, அலுமினியத்தை உருக்கி, டை என்கிற அச்சில் வார்க்கும் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. இப்போது லைன் லீடர். டிகிரியில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினால் எஞ்சினியர் கிரேடு தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில், கல்லூரி சார்பில் ஒரு இளம் உதவிப் பேராசிரியர். சொந்த ஊர் வாலாஜாபாத். ஐந்து நிமிஷம் முன்புவரை என்னோடு நல்ல தமிழில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர்.

சுமதி ஆரம்பித்தார். "குட் மார்னிங் சார். மை ப்ராஜெக்ட் இஸ்..." மனப்பாடம் செய்த நாலு வாக்கியம் வந்தது. ஐந்தாவது வரவில்லை.

"எக்ஸ்ப்ளெயின்," என்றார் பேராசிரியர்.

சுமதி மறுபடியும் முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தார்.

"தமிழ்ல சொல்லும்மா," என்றேன் நான்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்? நான் ட்ரை பண்றேன் சார்."

எனக்குச் சுருக்கென்றது. உதவி என்று நினைத்துச் சொன்னது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது. அவரைக் குறை சொல்வேனா? தமிழில் பதில் சொன்னால் மட்டம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார் — நாம்தானே?

கேள்வியை மாற்றினேன். "டீ பிரேக் முடிஞ்சு மெஷினை ஓட்டுனா உங்க லைன்ல என்ன ஆகும்?"

அவ்வளவுதான். எந்த மொழியில் பேசுகிறோம் என்பதே அவருக்கு மறந்துபோனது.

"டீ பிரேக் வுட்டா டை ஆறிப்பூடும் சார். மறுபடி ஓட்டுனா மொதல்ல வர்ற பீஸ்ல எல்லாம் கோடு விழும். மெட்டல் சரியில்ல, மெட்டல் சரியில்லன்னு எல்லாரும் சொல்லிகினு இருந்தாங்க. நான் ஒரு மாசம் கூடவே நின்னு பாத்தேன். மெட்டல் நல்லாதான் கீது. பீஸ் ஒட்டாம வர்றதுக்கு அடிக்கிற ஸ்ப்ரேவ ஆறிப்போன டை மேலயும் அதே அளவுக்கு அடிக்கிறாங்க, அது இன்னும் ஆறிடுது. மொத பத்து ஷாட்டுக்கு ஸ்ப்ரேவ பாதியா கொறச்சேன். கோடு நின்னுபோச்சு."

என் கம்பெனியிலும் இந்தக் கோட்டுக்காகக் கூடிய மீட்டிங்குகளில் நான் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? எல்லாம் இங்கிலீஷ் மீட்டிங். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"ஆபரேட்டர்ங்களுக்கு எப்படிப் புரியவெச்சீங்க?"

"எல்லாம் ஒடிசா ஆளுங்க சார். பாதி இந்தி, பாதி தமிழ், மீதி கை ஜாடை. ஒருத்தர்கூட தப்பா அடிக்கல."

அவர் வெளியே போனதும் பேராசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார்... ஆன்சர் இங்கிலீஷ்லதான் இருக்கணும். ரூல் சார்."

எங்கே அந்த ரூல்? துறைத் தலைவர் வந்தார். ஃபைல் வந்தது. சுற்றறிக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். எந்த மொழி என்று ஒரு வரிகூட இல்லை. மார்க் பட்டியலில் மட்டும் ஓர் இடம்: கம்யூனிகேஷன் — இருபது.

"கம்யூனிகேஷன்னா இங்கிலீஷ்தானே சார்?" என்றார் பேராசிரியர். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் என்னை உலுக்கியது.

தான்சானியாவில் பாடம் நடத்திய நண்பர் ஒருவர் சொல்வார் — இங்கிலீஷில் நடக்கும் வகுப்பில் சிலை மாதிரி இருக்கும் மாணவர்கள், வாசலைத் தாண்டியதும் ஸ்வாஹிலியில் அதே பாடத்தைப் பிரித்து மேய்வார்களாம். வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் இதே கூத்துதான் போல.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெஷின் மேனுவலே அதில்தான் வருகிறது. நன்றாகச் சொல்லிக்கொடுங்கள், அதற்குத் தனியாகப் பரீட்சை வையுங்கள். ஆனால் நீளத்தை அளக்க வேண்டிய இடத்தில் எடையை அளந்துவிட்டு ரிப்போர்ட் கொடுத்தால், க்வாலிட்டியில் அதைக் கிழித்துப் போடுவோம். பல்கலைக்கழகத்தில் முத்திரை குத்துகிறார்கள்.

நான் பதினெட்டு போட்டேன். பேராசிரியர் நாலு. சராசரி எடுத்தார்கள்.

போன வாரம் சுமதி போன் செய்தார். "பாஸ் ஆயிட்டேன் சார். ஃபர்ஸ்ட் கிளாஸ்தான் போச்சு. ரெண்டு மார்க்கு." எஞ்சினியர் கிரேடு இந்த வருஷம் இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். குரல் உடையவில்லை.

மார்க்கைத் திருத்தச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு மனு போடலாம் என்றேன். இங்கிலீஷில் நானே எழுதித் தருவதாகவும் சொன்னேன்.

"தமிழ்லயே எழுதலாம் சார்," என்றார். "அவங்களுக்குப் படிக்க வராதுன்னா, அத அவங்களே எழுதிக் குடுக்கட்டும்."

தமிழிலேயே எழுதினோம். அவர் கையெழுத்துப் போட்டார். அனுப்பும் பொறுப்பு என்னுடையது. கவரை ஒட்டும்போது பயம் வந்துவிட்டது... இங்கிலீஷ் நகல் ஒன்றையும் பின்னால் சொருகிவிட்டேன்.

சுமதிக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.