கெட்டவனுக்கும் ஒரு பொன்னாடை

என் தங்கை கணவர் திருக்காட்டுப்பள்ளிக்காரர். தஞ்சாவூரில் ஜிம் மாஸ்டர். சில வாரக் கடைசிகளில் மட்டும் ரெஸ்லிங் மேடையில் வில்லன். யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவு செய்துகொண்டு மோதும் ஆட்டம் அது. டைல்ஸ் கடை முதலாளி ஒருவர் அதை டெல்டா ஊர்களில் நடத்திவந்தார். நான் பத்திரிகைக்காரன் என்பதால் கதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

கதை சின்னதுதான். வில்லன் ஆற்றங்கரை ஊர்க்காரன். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் முதலில் அவன் வயலுக்குத்தான் வரும். ஹீரோ கடைமடைக்காரன், மிச்சம் இருந்தால் அவனுக்கு. மாப்பிள்ளை இந்தத் திமிரை ஊர் ஊராக வளர்த்தார். வெளியில்கூட ஹீரோவோடு ஒரே கடையில் டீ குடிக்கமாட்டார். “எவனாவது பாத்துட்டா அவ்வளவுதான் மச்சான்” என்பார்.

சென்னையில் ஒரு சேனலில் அவரிடம் சொல்லியிருந்தார்கள்: ஜனங்கள் உண்மையாகவே கோபப்படுகிற மாதிரி ஒரு வீடியோ அனுப்புங்கள், இருந்தால் தொடராகப் போடலாம். அது நடந்தால் ஜிம்மை விட்டுவிடலாம் என்றிருந்தார். நாற்பதை நெருங்கும் உடம்பு. இன்னொரு வாய்ப்பு வரும்வரை அது தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

அந்த வீடியோவுக்காகத்தான் திருவாரூர்ப் பக்கம் அந்த ஆட்டம். சம்பா அறுத்த வயலில் மேடை. ஒரு மூலை லேசாக இறங்கியிருந்தது. ஹீரோவைக் கீழே தள்ளிவிட்டு மாப்பிள்ளை மைக்கை வாங்கினார். “என்னங்கடா கடைமடைங்களா! நாங்க கால் கழுவி விட்ட தண்ணிதானடா உங்களுக்கு. அதுவும் நான் மனசு வச்சாத்தான்!”

கூட்டம் எழுந்து நின்றது. ஒரு அம்மா மேடை ஓரம் வரை வந்துவிட்டார். “பாவி, என் பயிரு கருகி நின்னப்ப நீ எங்கடா இருந்த? நாசமாப் போயிடுவ!” மாப்பிள்ளை அவர் கண்ணைப் பார்த்தே சிரித்தார். நான் எழுதிய எதற்கும் அப்படி ஒரு பதில் வந்ததில்லை.

அந்த நிமிடத்தில் பின்னால் ஓடிய சண்டைப் பாட்டை நிறுத்தினார்கள். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாராம். சண்டை நின்றது. முதலாளி மேடையேறி விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார். விருந்தினர் ஹீரோவுக்குப் போர்த்தினார். பிறகு வில்லனையும் கூப்பிட்டார்கள். கட்சிக் கூட்டங்களில் பேசிப் பழகிய அறிவிப்பாளர் சொன்னார்: “மேடையிலதான் இவரு வில்லன். நேர்ல தங்கமான மனுஷன்ங்க!” இருவரையும் தோளில் கைபோடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். திட்டிய அம்மா, “அட, நல்ல புள்ளையாத்தான்யா இருக்கு” என்று சிரித்தார்.

அதன் பிறகும் சண்டை நடந்தது. கூட்டம் பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விட்டது.

“இப்படிக் கெடுத்துட்டீங்களே” என்றேன் முதலாளியிடம். அவருக்குப் புரியவே இல்லை. “வந்தவருக்கு மரியாதை செய்ய வேணாமா சார்? சண்டை எங்க ஓடிடப்போவுது? வில்லன்னு ஒதுக்காம அவருக்கும்தான போத்துனோம்?”

பிறகு வேறு ஊர்களில், வேறு கம்பெனிகளின் ஆட்டங்களையும் பார்த்தேன். ஆட்டம் ஏன் எடுபடவில்லை என்று கேட்டால் காசு இல்லை, லைட் சரியில்லை என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். நடத்துகிறவர்களுக்கே அது கதை என்ற நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு அது ஒரு விழா. விழாவில் யாரும் கெட்டவனாக இருக்கக் கூடாது.

திருவாரூர் ஆட்டம் அப்படி முடிந்தபோதும் மாப்பிள்ளை நம்பிக்கை விடவில்லை. பொன்னாடைக்கு முன்பு நடந்தது போதுமே. வீடியோ எடுத்தது கல்யாண வீடியோக்காரர்கள். ஸ்டுடியோவுக்கு என்னையும் அழைத்துப் போனார். “தம்பி, அந்தம்மா திட்டுனத மட்டும் வெட்டிக் குடுங்க.”

ஸ்டுடியோப் பையன் தேடினான். இரண்டு கேமராவும் அந்த நேரத்தில் வாசலில் இருந்தன. கிரேன் கேமராவும் அங்கேதான் திரும்பியிருந்தது. கார் வருகிறது. கதவு திறக்கிறது. வெள்ளை வேட்டி இறங்குகிறது. மேலே ரோஜா இதழ்கள் கொட்டுகின்றன; அது அவர்கள் கம்ப்யூட்டரில் சேர்த்தது.

“சத்தமாவது இருக்குமா?”

“கார் வர்றப்ப பாட்டு போடணும்ல அண்ணே. ஒரிஜினல் சவுண்ட அப்பவே அழிச்சிட்டோம்.”

மாப்பிள்ளை மறுபடி ஓட்டச் சொன்னார். கார்க் கதவு மறுபடி திறந்தது. ஓரத்தில்கூட மேடை தெரியவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

“வாங்க மச்சான், போலாம். காலைல ஜிம் தொறக்கணும்.”