குடுவைச் செடியின் தட்டில் தேங்கிய தண்ணீர்

நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். போன மழைக்காலத்தில், பூச்சி தின்னும் குடுவைச் செடி ஒன்றை ஆசையாக வாங்கி பால்கனியில் வைத்தேன். அதற்கு போர் தண்ணீர் ஆகாது என்பதால் மழைநீரைப் பிடித்து, தொட்டிக்குக் கீழே இருந்த தட்டு நிறைய ஊற்றிவைப்பேன்.

"கொசு ஜாஸ்தியா கீது. அந்தத் தட்டக் காலி பண்ணு" என்றார் கணவர்.

"கொசுவத் தின்னத்தான செடியே வாங்கினு வந்தேன்?" என்று சிரித்தேன்.

சில வாரங்களில் மகளுக்கு டெங்கு. இரண்டே நாளில் எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் மகனும் ஆஸ்பத்திரியில் படுத்தான். வீடுவீடாகப் பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் தட்டுக்குள் டார்ச் அடித்தார். புழுக்கள் நெளிந்தன.

"இன்னாம்மா, கொசுவ நீயே வளத்துகினு கீற?"

வாசலில் நின்றிருந்த ஸ்டெல்லா அதைக் கேட்டுவிட்டாள்.

பிள்ளைகள் இருவரும் தேறிவிட்டார்கள். இப்போது செடிக்குத் தட்டே வைப்பதில்லை. ஊற்றிய தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகே நகர்கிறேன். அந்தச் செடியின் வேருக்கே தேங்கிய தண்ணீர் ஆகாதாம். வாங்கும்போதே விசாரித்திருக்க வேண்டும்.

ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். ஆனால் மகனை எங்கள் வீட்டுக்கு விளையாட அனுப்புவதே இல்லை.