எல்லைக்கல்லுக்கு மேலே

உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் ஊரில், கரட்டுக் குன்றுக்கும் வயல்களுக்கும் நடுவே நீளமாக ஒரு கல்கட்டு உண்டு. சிமெண்டு, சுண்ணாம்பு எதுவும் கிடையாது. கல்மேல் கல் அடுக்கியதுதான். மழைத் தண்ணீரை இடுக்கு வழியாக விட்டுவிட்டு மண்ணையும் சரளையையும் பிடித்துக்கொள்ளும். அது அங்கங்கே சரிந்து வயலில் சரளை ஏறவே, போன கோடையில் ஊரே சேர்ந்து எடுத்துக் கட்டினோம். பாதிப் பேர் கம்பெனிக்குப் போகிறவர்கள். நானும் மூக்கண்டப்பள்ளியில் பேக்கிங்கில் நிற்பவள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வேலை. அவரவர் நிலத்துக்கு மேலே அவரவர் வீட்டார் கட்ட வேண்டும் என்று முடிவானது.

அந்தச் சுவர் நின்றே ஆக வேண்டும் எனக்கு. பக்கத்து நிலம் என் கணவரின் அண்ணனுடையது. "இந்த வருசமும் சரள ஏறுச்சின்னா பிளாட்டு போடறவனுக்கே குடுத்துருவேன்" என்று அவர் டீக்கடையில் சொல்லியிருந்தார். எங்கள் நிலத்துக்கு வண்டித்தடம் அவர் நிலத்தின் வழியேதான். அவர் விற்றால் எங்களுடையது இருந்தும் பிரயோசனமில்லை.

பாகம் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. மற்ற வீட்டார் எல்லை வந்த இடத்தில், இவர்கள் கல் ஒன்று அந்தப் பக்கம், அவர்கள் கல் ஒன்று இந்தப் பக்கம் என்று மாட்டி அடுக்கினார்கள். எங்கள் எல்லையில் மட்டும் அது நடக்கவில்லை. தம்பியின் கல் ஒரு சாண் உள்ளே வந்தால் நாளைக்கு நிலமும் தன்னது என்பான் என்று அவருக்குச் சந்தேகம். அதே சந்தேகம் என் கணவருக்கும். அவர் அந்தப் பக்கத்திலிருந்து, இவர் இந்தப் பக்கத்திலிருந்து, எல்லைக்கல்லுக்கு நேர் மேலே நூல் பிடித்த மாதிரி சுவரை நிறுத்தினார்கள். இரண்டுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே நேர் இடுக்கு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை!

"நடுவுல ரெண்டு கல்லயாச்சும் மாட்டுங்கப்பா" என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். இருவர் காதிலும் ஏறவில்லை. அடிதடி இல்லாமல் முடிந்தால் போதும் என்று நான் ஜல்லிக்கூடையைச் சுமந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் ஷிப்டுக்குப் போகாமல் வயலுக்கு ஓடினேன். கண்ணுக்கெட்டிய வரை சுவர் அப்படியே நின்றது. எங்கள் எல்லையில் மட்டும் தண்ணீர் அந்த நேர்க்கோட்டில் புகுந்து இரண்டு பக்கத்தையும் தள்ளியிருந்தது. எங்கள் ராகி மேலும் அவருடைய தக்காளி மேலும் ஒரே மாதிரி சரளை. சரிந்து கிடந்த கல்லில் எது யார் வீட்டுக் கல் என்று இனி எவனாலும் சொல்ல முடியாது.

கூடவே ஓடிவந்த என் கணவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன் சேற்றில் கால் புதையப் புதைய எல்லையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். இத்தனை வருடம் கழித்துத் தம்பியின் முகத்தைப் பார்த்து முதன்முதலாகப் பேசினார்.

"பிளாட்டு போடறவங்கிட்ட உன்னுதும் சேத்தே பேசிரட்டுமா?"

"பேசிருண்ணா" என்றார் இவர்.